உபயப் பலகையும் வெப்பமானியும்

சுற்றிவர எல்லா வானிலைக் கருவிகளும் ஒரு பாகை, ஒன்றரைப் பாகை என்று காட்டும்போது, ஹவுன்ஸ்லோ கோயில் கருவி மட்டும் ஏன் நான்கு என்கிறது? ஜதுர்ஷிகாவுக்குப் பிடிபடவில்லை. தினமும் அப்படிக் காட்டினால் கருவி பழுது என்று தூக்கி எறியலாம். இரண்டு மூன்று நாள் ஒழுங்காகக் காட்டும், பிறகு ஒரு நாள் ஏறி நிற்கும், மறுநாள் தானாகவே இறங்கிவிடும்.

ஒரு தனியார் வானிலை நிறுவனத்தில் மேற்கு லண்டனுக்குக் குளிர்கால முன்னறிவிப்பு எழுதுவது அவளுடைய வேலை. பாதி மழையும் பாதி பனியுமாக விழுகிற ஸ்லீட் வரும் என்று அவள் எழுதினால், நிலம் வழுக்காமலிருக்க உப்புக் கொட்டுகிற லொறி வெளிக்கிடும். மழை என்று எழுதினால் வெளிக்கிடாது. மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், கொட்டியும் பலனில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் அவள் மழை என்று எழுதினாள். விழுந்தது ஸ்லீட். கோயில் கார் பார்க்கில் கூழ்போலக் கிடந்த பனியில் கால் வைத்து, அம்மாவின் சிநேகிதி கமலாம்பிகை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்தக் குளிர்காலத்தில் அதே இடத்தில் அது மூன்றாவது பிழை. இன்னுமொன்று நடந்தால் மேற்கு லண்டனை வேறொருவரிடம் கொடுப்பதாக மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். பதினொரு வருடமாக அவள் பார்த்துவந்த வானம் அது.

மழையா ஸ்லீட்டா என்பதை வெப்பமானி மட்டும் தீர்மானிப்பதில்லை. லண்டனில் குளிர்கால மழையில் பெரும்பங்கு மேலே பனியாகத்தான் புறப்படுகிறது. கீழே வர வர உருகத் தொடங்கும். காற்று உலர்ந்திருந்தால், உருகிய ஈரம் ஆவியாகும்போது பனித்துகளின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தலை முழுகிவிட்டு ஈரத்தோடு வெளியே நின்றால் குளிர் இரண்டு மடங்காவது இதனால்தான். அதனால் மூன்று பாகையிலும் பனி முழுதாக உருகாமல் நிலத்துக்கு வந்துவிடும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அதே மூன்று பாகையில் வெறும் மழை. ஆகவே கணினி வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்தே பார்க்கும். பகலில் கருவி சொல்வதை வைத்துப் பின்னேரத்து முன்னறிவிப்பைத் திருத்தும்.

அவள் தேடாத இடமில்லை. காற்றின் திசையைப் பார்த்தாள், மேகத்தின் உயரத்தைப் பார்த்தாள். இரண்டு தடவை கருவியையே மாற்றுவித்தாள். மாற்றப் போனவர் திங்கட்கிழமைகளில் போய், எல்லாம் சரி என்று எழுதி அனுப்பினார்.

கமலாம்பிகையைப் பார்க்கப் போனபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்ரி, தோடம்பழம் கொண்டந்தனான்."

"உதில வை." சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "மழை எண்டு நீதானே சொன்னனி. குடையை விரிச்சுக்கொண்டு இறங்கினன். குடை தலைக்குத்தானே பிள்ளை, காலுக்கில்லையே."

"கருவி பிழையாக் காட்டினது அன்ரி. ஏனெண்டு தேடிக்கொண்டிருக்கிறன்."

"உன்ர வேலைக் கந்தோருக்குள்ள இருந்து என்னத்தைத் தேடுறாய்? சனம் பின்னேரப் பூசைக்கு வாற நாளில ஒருக்கா வந்து நிண்டு பார். இப்ப எல்லாரும் என்ன சொல்லுகினம் தெரியுமே? ஜதுர்ஷி மழை எண்டா சப்பாத்தை மாத்து எண்டு."

அது அவளுக்குச் சுட்டது. சுட்டபடியால்தான் போனாள்.

அடுத்த வெள்ளி, பின்னேரம் நாலு மணிக்கு மழை என்று கணினி சொல்லியிருந்தது. மத்தியானம் அவள் கோயிலின் பின்பக்கம் போனாள். பழைய களஞ்சியக் கட்டடத்தைத்தான் அம்மன் கோயிலாக்கியிருந்தார்கள். அன்னதான வரிசை சுவரோடு நீண்டு நின்றது. அந்தச் சுவரில்தான் கருவி, சந்தனப் பொட்டும் குங்குமமுமாக இருந்தது. அதற்குக் கீழே பளபளவென்று ஒரு பலகை: 'உபயம்: அமரர் சின்னத்துரை ஞாபகார்த்தமாக, மகன் கிருஷ்ணராசா குடும்பத்தினர்.'

கருவியைப் பார்க்கக் குனிந்தாள். மூக்குக்கண்ணாடி முழுவதும் பனிமூட்டம்போலப் புகார் மூடியது. துடைத்தாள், திரும்பவும் மூடியது. நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே சமையலறையின் காற்றாடி, பெரிய கிடாரங்களில் கொதிக்கிற சோற்றின் ஆவியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சூடும் ஈரமும் சேர்ந்து நேரே கருவியின் மேல்.

கோயிலில் அன்னதானம் செவ்வாயும் வெள்ளியும்தான். மூன்று பிழைகளும் அந்த நாட்களில் வந்தவை. கிழமையை அவள் பார்க்கவேயில்லை. வானத்துக்குக் கிழமை கிடையாது என்று யோசிக்காமலே நம்பியிருந்தாள். கருவி மாற்றினவர் வந்துபோன திங்கட்கிழமைகளில் சமையல் இல்லை, குசினி பூட்டு. கருவியை முதன்முதல் பொருத்திய அன்று வந்த படத்தில் மாலையும் பலகையும் கிருஷ்ணராசாவும் இருந்தார்கள், காற்றாடி இல்லை. அந்தப் படத்தைச் சரி பார்த்தவளும் அவள்தான்.

கார் பார்க்கில் நின்றபடியே அலுவலகத்துக்கு அழைத்தாள். கோயில் கருவியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்து ஃபெல்தம் கருவியைக் கொண்டு கணினிக் கணக்கைத் திரும்ப ஓட்டச் சொன்னாள். ஸ்லீட் என்று வந்தது. மூன்று மணிக்கு உப்பு லொறி வந்தது. நாலு மணிக்கு ஸ்லீட் விழுந்தது. பின்னேரப் பூசைக்கு வந்த ஒருவரும் வழுக்கவில்லை, ஆகவே அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவுமில்லை.

கோயில் பரிபாலன சபைத் தலைவர் கிருஷ்ணராசா மட்டும் கதைத்தார்.

"தங்கச்சி, உப்பெல்லாம் சனத்தின்ர காலோட உள்ளுக்கு வருது. புதுக் காப்பெற் விரிச்சிருக்கிறம்."

"அண்ணை, கருவியை உதில இருந்து எடுக்கவேணும். குசினி ஆவி அடிக்குது. அதாலதான் அன்ரி விழுந்தவ."

"அப்ப நீர் விட்ட பிழைக்கு அம்மாளின்ர சோத்தில பழியைப் போடுறீர்."

"பிழை என்ரதும்தான். வேற இடத்தில வையுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"எங்க?"

"கார் பார்க்கின்ர அந்தக் கடைசித் தொங்கலில, புல்லுக்குள்ள."

"புல்லுக்கையோ? அங்க ஆர் பாக்கிறது? சோத்துக்கு நிக்கிற சனம் முழுக்க வாசிக்கட்டும் எண்டுதானே உதில அடிச்சனான்."

முறிந்த எலும்பு அவருடைய பேச்சில் ஓரிடத்திலும் வரவில்லை. அவர் காவல்நின்றது எதற்கு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கியபோது வாய் கைத்தது.

"பலகை உதிலயே இருக்கட்டும் அண்ணை. கருவியை மட்டும் தாங்கோ."

அவர் பலகையைப் பார்த்தார். கருவியைப் பார்க்கவில்லை. "பலகையில கை வைக்கமாட்டீரே?"

"மாட்டன்."

"அப்ப கொண்டு போம்."

திங்கட்கிழமை வேலை முடிந்தது. கருவி கார் பார்க்கின் வடக்கு முனையில், சுவருக்கும் காற்றாடிக்கும் எட்டாத தூரத்தில், புல்லுக்கு மேல் ஒன்றேகால் மீற்றர் உயரத்தில், காற்று எல்லாப் பக்கமும் புகுந்து போகிற வெள்ளைக் கூட்டுக்குள் இருக்கிறது. பலகை சமையலறைச் சுவரில் இருக்கிறது.