வேட்டுப் போடாத ஊர்

தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க வரலாம் என்று நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்து, காயல்பட்டினத்திலிருந்து ஜெய்னம்பு அக்கா வாட்சப்பில் இரண்டே கேள்விதான் கேட்டிருந்தார். தோட்டத்தில் என்ன இருக்கிறது? தேனீ, குளவி உண்டா? அவர் மகள் யுஸ்ரா சிறு வயதில் ஒரே ஒரு தேனீ கொட்டி, மூச்சடைத்துப் பிழைத்தவள்.

முதல் கேள்விக்கு வரிசையாக எழுதினேன். தேரி மேட்டின் சிவப்பு மணல், நாற்பது மாமரம், முந்திரிப்பழ வாசம், சாஸ்தா கோயில் ஆலமரம், வேட்டே போடாத கொடைத் திருவிழா. இரண்டாவதற்கு, "பயப்படாம வாங்கக்கா" என்று மட்டும். என் தோட்டத்துக்கு வரும் முதல் விருந்தாளிகள். விட மனமில்லை.

மணலில் கார் ஏறாது என்று ரோட்டில் நிறுத்தி நடந்து வந்தார்கள். தேனீ கொட்டினால் யுஸ்ராவுக்கு உடனே போடவேண்டிய ஊசிமருந்து காரிலேயே இருந்தது.

யுஸ்ரா முந்திரிப்பழத்தைக் கடித்து முகம் சுளித்தாள். துபாயிலிருந்து லீவில் வந்த அவள் மாமா அஸ்கர் ட்ரோனைப் பறக்கவிட்டார்.

"கொடைக்கு ஏன் வேட்டுப் போட மாட்டீங்க?" என்றாள் யுஸ்ரா.

ட்ரோன் ஆலமரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, திருப்புங்க! அங்கன மலைத்தேனீ கூடு கட்டிருக்கு. அது கலைஞ்சிரும்னுதான் வேட்டே கிடையாது!"

ஜெய்னம்பு அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

அஸ்கர் திருப்பினார். ட்ரோனுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கூட்டம் எழுந்து வந்தது.

"இங்கன கொண்டு வராதீங்க! தேரிக்குள்ள விடுங்க!"

"போனா போவுது சனியன்" என்று அவர் அதை மணல்மேட்டுக்கு அப்பால் விரட்டினார். கூட்டம் அதோடு போனது. ஆனால் கொஞ்சம் பிரிந்து எங்களிடம் வந்தது.

முந்திரிக்கொட்டை பொறுக்க விரித்திருந்த தார்ப்பாயைத் தூக்கி மூவரையும் உள்ளே தள்ளினேன். காற்றில் ஓரம் தூக்கியது. வெளியே குப்புறப் படுத்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன். கை தீப்பட்டதுபோல் எரிந்தது. எடுக்கவில்லை. உள்ளே யுஸ்ராவின் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரைச்சல் அடங்கியது. அக்கா மகளின் கழுத்து, கை, முகம் எல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு கொட்டுகூட இல்லை.

பிறகு என் கையை இழுத்து வைத்துக்கொண்டு, நகத்தால் கொடுக்குகளைச் சுரண்டினார்.

"ஏளா, மாமரம் நாப்பதுன்னு எண்ணி எழுதத் தெரிஞ்சிச்சே. இதை எழுதக் கை வரலையோ?"

அவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

இப்போது யார் கேட்டாலும் தேனீயைத்தான் முதல் வரியில் எழுதுகிறேன். பாதிப்பேர் வருவதில்லை.