இரண்டாவது மேஜை

பல்லைப் படிக்கட்டும், கண்ணைப் படிக்கட்டும், இதயத்தையே வேண்டுமானாலும் படிக்கட்டும். காதை மட்டும் விட்டுவிடக் கூடாதா?

பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் இப்படி நினைத்தாள். நினைத்தது கூடத்துக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். கூடத்தில் அவள் மகள் கல்லூரியில் என்ன படிப்பது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. முடிவு செய்துகொண்டிருந்தவர் அவள் அண்ணி என்று கூப்பிடும் கணவரின் அக்கா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பது வருடம் இருந்தவர், ஒரு மனுஷனுக்கு எப்போது என்ன கெடும் என்று யோசித்தே பழகியவர்.

அவர் ஒவ்வொரு படிப்பாக எடுத்துக் கழித்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் வேண்டாம், தெருவில் கல்லெறிந்தால் கம்ப்யூட்டர் படித்தவன் தலையில்தான் விழும். கணக்குப் படித்தவன் அடுத்தவன் பணத்தை எண்ணியே கிழவனாவான். நிலவியல் என்று சின்னு மெல்ல இழுத்ததற்கு, "கல்லைப் படிச்சிட்டுக் கல்லையா திங்கப்போற?" என்றார். வீட்டில் எல்லோருமே மகளைச் சின்னு என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சின்னுவும் சிரித்தாள். அவளுக்கு நிலவியல் மேல் ஒன்றும் பெரிய ஆசை கிடையாது. பட்டியலில் இருந்தது, சொல்லிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கடைசியில் மிஞ்சியது காது.

"இப்ப எல்லாரும் காதுல எதையாவது சொருகிக்கிட்டுத்தான் திரியறாங்க. இன்னும் பத்து வருஷம் போகட்டும், வரிசையில நிப்பாங்க. அதுவும் இவளுக்கு வேலை தேடவே வேண்டாம், அம்மா வச்சிருக்கிறது என்ன சும்மாவா? ரெடியா இருக்கிற இடம்." அண்ணி குரலைச் சமையலறைப் பக்கம் திருப்பினார். "என்ன சொல்ற நீ?"

தண்ணீர்ச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள் அவள். காது மெஷின் விற்கிறவளுக்கே காது கேட்கவில்லை என்று கூடத்தில் சிரிப்பு எழுந்தது.

அவளுடைய தொழில் அதுதான். கேட்கும் திறனைப் பரிசோதித்து, தேவைப்படுகிறவர்களுக்கு மெஷின் பொருத்திக் கொடுப்பது. வருகிறவர்கள் டாக்டரம்மா என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள். காது மந்தமானவர்களிடம் ஒரே விஷயத்தை எத்தனை தடவைதான் சொல்வது? விட்டுவிட்டாள்.

துணி வெளுக்கும் கடைக்கு மேல், முதல் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நாற்காலிகள். உள்ளறையில் அவளுடைய மேஜை, ஓர் அலமாரி, பரிசோதனைக்காகச் சத்தம் புகாதபடி அடைத்த சின்னக் கூண்டு. கூண்டின் கதவைச் சாத்தினால் தெரு இல்லாமல் போய்விடும். கீழ்க்கடையின் பெரிய மெஷின் சுற்றும்போது மட்டும் தரை லேசாக அதிரும். பரிசோதனை நேரத்தில் அதை நிறுத்தி வைக்கும்படி கடைக்காரரிடம் பேசி வைத்திருந்தாள். அதற்குப் பதிலாக அவருடைய மாமியாரின் மெஷினுக்கு வருடம் முழுக்க பேட்டரி இலவசம்.

அன்று இரவு கணவர் பேச்சை எடுத்தார். கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார் அவர். முன்பிருந்த கம்பெனி மூடி, வேலையில்லாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் வீடு ஓடியது இந்த இரண்டு அறைகளால்தான். அதை அவர் மறந்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை. தன் மகள் யாரிடமும் போய் வேலைக்கு நிற்கக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய ஆசை. அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் குழந்தைக்கும் தெம்பாக இருக்கும் என்றார். பார்க்கலாம் என்றாள் அவள்.

விளக்கை அணைத்த பிறகு தனக்குத்தானே காரணங்கள் சொல்லிக்கொண்டாள். சின்னுவுக்குப் பொறுமை போதாது. வயசானவர்கள் சொன்னதையே சொல்வார்கள், அவளால் முடியாது. நல்ல காரணங்கள்தான். வெளியில் சொன்னால் யாரானாலும் தலையாட்டுவார்கள்.

அந்தக் காரணங்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முடிவு செய்வதற்கு முன் சின்னு அம்மாவோடு கொஞ்ச நாள் போய்ப் பார்க்கட்டும் என்று அண்ணி ஏற்பாடு செய்துவிட்டார். போன முதல் நாளே முன்னறை மாறிப்போனது. சின்னு எல்லோரிடமும் பேசினாள். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, உதடு தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரே கதையை மூன்றாவது முறை கேட்டபோதும் முதல் முறை சிரித்த இடத்திலேயே சிரித்தாள்.

மனைவியின் நச்சரிப்பால் வந்திருந்தார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். "எனக்குக் காது நல்லாத்தாம்மா இருக்கு. இவ பேசறது மட்டும்தான் கேக்கல. அதுக்கு மெஷின் வச்சுக் கெடுத்துக்கணுமா?" என்று சின்னுவிடம் ரகசியம்போலக் கேட்டார். ரகசியம் கீழ்க்கடை வரைக்கும் கேட்டது. அவர் மனைவி, "பஸ்ஸுல மணி அடிச்சப்பவே இவருக்குக் கேக்காது, ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த்தான் நிறுத்துவாரு" என்றார். அரை மணி நேரம் அடம்பிடித்துக்கொண்டிருந்த மனிதரைச் சின்னு கையைப் பிடித்துக் கூண்டுக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

ஆக, மகளுக்கு இது வரும். தன்னைவிட நன்றாகவே வரும். அம்மாவுக்குச் சந்தோஷம் வரவேண்டிய இடம் இது. அவள் உள்ளே துழாவிப் பார்த்தாள். பெருமை இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று, சாப்பாட்டில் அகப்பட்ட முடிபோல, இழுக்க இழுக்க வந்துகொண்டிருந்தது.

பொறாமையோ என்று பயந்தாள். இல்லை. அது என்னவென்று அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது.

மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கூண்டுக்குள் போய்விடுவது அவள் வழக்கம். கதவைச் சாத்திக்கொள்வாள். சாப்பிடுவாள், சாப்பிட்டபின் சும்மா இருப்பாள். மூச்சு கேட்கும், விழுங்குவது கேட்கும். வீட்டில் அவளுக்கென்று ஒரு கதவு கிடையாது. குளியலறைக் கதவைக்கூட யாராவது தட்டி, கத்தரிக்கோல் எங்கே என்பார்கள். இங்கே வந்து கதவைச் சாத்தினால் அவள் யாருக்கும் அம்மா இல்லை, அண்ணியின் தம்பி பெண்டாட்டியும் இல்லை. அப்போது மிச்சமிருக்கும் ஆள் யாரென்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. ஆனால் அந்த ஆளோடு இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று டப்பாவைத் திறந்ததும் கதவு திறந்தது. "இங்கயா சாப்பிடுவ? தள்ளி உக்காரும்மா" என்று சின்னு தன் டப்பாவோடு நுழைந்தாள். ஒட்டி உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். சின்னு ஏதேதோ பேசினாள், அவள் ம் கொட்டினாள். பெற்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது, எழுந்து போனால் தேவலையே என்று ஒரு தாய் நினைப்பாளா? அவள் நினைத்தாள்.

சாப்பிட்ட பிறகு சின்னு தனக்கும் பரிசோதனை செய்யச் சொன்னாள். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டு அவள் வெளியே பரிசோதனை மெஷின் முன் உட்கார்ந்தாள். கண்ணாடிச் சன்னல் வழியாகச் சின்னுவின் முகம் தெரிந்தது. முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது. சத்தம் போகப்போக மெலிந்தது. ஓரிடத்தில் அவள் எதையும் அனுப்பாமல் நிறுத்தி, குறிப்பதற்காகத் தலையைக் குனிந்தாள். மெஷினில் விளக்கு எரிந்தது. சின்னு அழுத்தியிருந்தாள். அம்மா மறுபடி நிறுத்திப் பார்த்தாள். சும்மா கையை மட்டும் அசைத்தாள். விளக்கு மறுபடி எரிந்தது. உள்ளே சின்னு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சரிதானே என்று கேட்கிற மாதிரி.

இது பல பேர் செய்வதுதான். பரீட்சை என்று நினைத்துக்கொண்டு தேறப் பார்ப்பார்கள். நோயாளி என்றால் தன் முகம் தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டுத் தொடர்வாள். அன்று அவளால் தொடர முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள்.

"சத்தம் வந்தாத்தான் அழுத்தணும்."

"வந்த மாதிரி இருந்துச்சு. நீ குனிஞ்ச, அதான் வந்திருக்கும்னு நெனச்சேன்."

உனக்கு நிஜமாகவே இதைப் படிக்க ஆசையா என்று அவள் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். சின்னு யோசித்துப் பார்த்துவிட்டு நேர்மையாகவே பதில் சொன்னாள். ஆசை என்று எதன் மேலும் பெரிதாக இல்லை. கூடப் படித்தவர்களில் பாதிப்பேருக்கும் அப்படித்தான், வெளியில் சொல்வதில்லை. வேலை கிடைக்கிற படிப்பாக இருக்கவேண்டும், அப்பா மாதிரி வீட்டில் உட்காரும்படி ஆகக் கூடாது. இதில் அந்தப் பயமே இல்லை.

"நீதான் இருக்கியே" என்றாள்.

தான் இல்லாவிட்டால் இந்தப் படிப்புக்கு உத்தரவாதம் ஒன்றும் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிகளில் ஓர் இடத்துக்குப் பலர் நிற்பார்கள். மெஷின் கம்பெனிகளில் மாதம் இத்தனை விற்றாக வேண்டும் என்று கழுத்தைப் பிடிப்பார்கள். தானே தனியாக ஓர் இடத்தை நிலைநிறுத்த அவளுக்கு எத்தனையோ வருடங்கள் ஆயின. மகள் போட்டு வைத்திருக்கும் கணக்கு முழுவதும் இந்த இரண்டு அறைகளின் மேல் நிற்கிறது. தான் விலகிக்கொண்டால் அது சரிந்துவிடும். விலகிக்கொள்ள ஒரு தாய்க்கு உரிமை உண்டா? அதை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

படிப்புகளை விருப்ப வரிசையில் பதிவு செய்வதற்குக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம், கடைசி நோயாளியும் போன பிறகு, அவள் மெஷின்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். சின்னு உள்ளறையில் கைகளை விரித்து எதையோ அளந்தாள். அலமாரியைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டால் சன்னலோரம் இன்னொரு மேஜை போடலாமாம். நோயாளிகளை ஆளுக்குப் பாதியாகப் பார்க்கலாம். அம்மா மத்தியானத்தில் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், இத்தனை வருடம் உழைத்தது போதும். முகம் முழுக்க அன்போடு சொன்னாள். அந்த அன்பு அம்மாவை இன்னும் கஷ்டப்படுத்தியது.

"அப்பா உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இதையே முதல்ல போடச் சொன்னாரு. போட்டுடட்டுமா?"

உறையின் நாடாவை அவள் இழுத்துக் கட்டினாள்.

"படிக்கணும்னா படி சின்னு. உனக்கு நல்லா வரும், நான் பார்த்தேன். ஆனா இந்த இடம் இருக்குன்னு நெனச்சுப் படிக்காத."

"ஏன், வேற யாருக்காவது குடுக்கப்போறியா?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம்?"

உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லலாம். அடுத்த வார்த்தையாக அது வாயில் வந்து நின்றது. சொன்னால் சின்னு நம்புவாள், கணவர் நம்புவார், அண்ணிகூட அரைமனதாக நம்புவார். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"எனக்கு வேணும்டி. நான் இங்க தனியா இருக்கணும்."

சின்னுவின் முகத்தில் முதலில் குழப்பம் வந்தது. பிறகு அடிபட்டது போன்ற ஏதோ ஒன்று வந்து போனது. யாரோ தெரியாத பெண்ணைப் பார்ப்பதுபோல அம்மாவைப் பார்த்தாள்.

"அப்ப நான் முதல்ல எதைப் போடறது?"

"அது எனக்குத் தெரியலடா. ராத்திரி உக்காந்து ஒவ்வொண்ணா பாரு. கேக்கணும்னா கேளு, தெரிஞ்சதைச் சொல்றேன். எதைப் போடணும்னு மட்டும் என்னைக் கேக்காத."

கீழே மெஷின் சுற்றத் தொடங்கியது. தரை லேசாக அதிர்ந்தது. சின்னு அலமாரியின் மேல் கையை வைத்தாள்.

"சும்மா இதைத் தள்ளி வச்சாவது பார்க்கட்டுமா? எப்படி இருக்குன்னு?"

"வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள் அவள்.