குயில் சொன்ன ராகு காலம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை, பெண் பார்க்கப் போன இடத்தில் கிடைத்தது. பெண் கிடைக்கவில்லை.

முதல் வரியை இப்படி எழுதினேன்: ‘1998, பெங்களூர் ஜோகுபாளையம், ஞாயிற்றுக்கிழமை, வெளியே நல்ல மழை...’ (மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.)

2

பெண்ணின் அப்பா சுந்தரமூர்த்தி ஹாலில் ஒரு குயில் கடிகாரம் மாட்டியிருந்தார். அவரோடு வேலை பார்த்த ரிச்சர்ட்ஸ் டவுன் மௌரீன் ஆஸ்திரேலியா போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இலைகள் செதுக்கிய மரவீடு. கீழே சங்கிலியில் இரண்டு இரும்பு அன்னாசிகள்.*

* அன்னாசி அல்ல, பைன் மரக் காய். ஜெர்மனியின் கறுப்புக் காட்டில், பனிக்காலத்தில் வேலையில்லாத குடியானவர்கள் இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே இவற்றைச் செய்தார்கள். முதலில் செய்தவர் யார் என்பதில் இன்னும் சண்டை. உள்ளே இரண்டு சின்னத் துருத்திகள். ஒன்று ‘குக்’, மற்றது ‘கூ’. சொந்தமாகக் கூடு கட்டாத பறவைக்கு ஊரே உட்கார்ந்து வீடு கட்டிக் கொடுத்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

3

ஞாயிறு ராகு காலம் நாலரைக்கு. அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்பது என் மாமா கோதண்டராமனின் கட்டளை. அனுஷா காபி கொடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுடைய கண்கள்... (வேண்டாம். எல்லாரும் எழுதியாயிற்று.)

மாமா தட்டைத் தூக்கினார். அனுஷா கடிகாரத்தின் சின்னக் கதவைப் பார்த்தாள். குயில் வெளியே வந்து ஒரே ஒரு முறை கூவியது. அரை மணிக்கு அவ்வளவுதான் கூவும்.

“நாலரை ஆயிடுச்சே,” என்று மாமா தட்டைக் கீழே வைத்தார்.

“ஜெர்மன் மேக் சார். ஒரு நிமிஷம் தப்பாது,” என்றார் சுந்தரமூர்த்தி, பெருமையை விட முடியாமல்.

என் வாட்சில் நாலு பத்து.

4

நிமிர்ந்தேன். அனுஷா என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. குயில் வருவதற்கு முன்பே அவள் அதன் கதவைப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. முள்ளைத் தள்ளி வைத்தவள் அவள்தான்.

முடிவு ஒன்று: நான் உண்மையைச் சொல்கிறேன். தட்டு மாறுகிறது. ஆயுசு முழுக்க ஆறின காபி.

முடிவு இரண்டு: கடிகாரம்தான் கோளாறு, அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. (அதிகம் திருத்தி எழுதியது இதைத்தான்.)

நடந்தது:

“டேய் கவி, உன் வாட்ச்ல எவ்ளோடா?”

“நாலரைதான் மாமா.”

5

சகுனம் சரியில்லை என்று எழுந்த மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வலித்தது, இப்போதும் கொஞ்சம் வலிக்கிறது.

நாங்கள் கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாளா? மூன்று தடவை எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் சிரிக்கிறாள். எழுதியவன் நான் என்பதால் நம்ப முடியவில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மாமாவிடம் மட்டும் காட்டாதீர்கள். எண்பத்திரண்டு வயதிலும் எனக்குப் பெண் தேடிக்கொண்டிருக்கிறார்.