கதவோரப் பெட்டி

துறைமுகத்துக்குக் கிளம்பிய லாரி பாதித் தூரத்தைத் தாண்டியிருக்கும். அப்போதுதான் கொட்டகையில் அண்ணி மெல்ல வாயைத் திறந்தாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன். உங்க அண்ணன் காதுக்குப் போகக் கூடாது. கண்டெய்னர்ல கொஞ்சம் கொய்யாப்பழம் வச்சிருக்கேன்."

தக்காளியைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் அந்தக் கொட்டகைக்கு அண்ணன் முதலாளி, தங்கை மேற்பார்வை. கண்டெய்னர் கதவை மூடி சீல் வைத்ததே அவள்தான்.

"எங்க வச்சீங்க?"

"கதவோரமா, கடைசி வரிசையில. தக்காளிப் பெட்டியிலதான் போட்டு மூடினேன். வித்தியாசமே தெரியாது."

அண்ணியின் மகள் கடல் தாண்டி இருக்கிறாள். இந்தச் சரக்கை வாங்கும் கம்பெனியின் கிடங்கிலேயே வேலை. இப்போது முழுகாமல் இருக்கிறாள். எதைத் தின்றாலும் குமட்டுகிறது, நம் வீட்டு மரத்துக் கொய்யா என்றால் இறங்கும் என்று போனில் அழுதிருக்கிறாள். பெற்ற மனசு கேட்குமா? போகிற வண்டியோடு போகட்டும், அவளே திறந்து எடுத்துக்கொள்வாள் என்று வைத்துவிட்டாள் மகராசி.

தங்கை எழுந்து கார் சாவியை எடுத்தாள். உலகத்தில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு விளைந்த நாட்டு அடுப்பிலேயே வெந்து முடிந்துவிடும். கப்பலேறுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இத்தனை நாடுகள் முட்டி மோதுகின்றன. முன்பு யாரோ அனுப்பிய பெட்டியில் பழ ஈயின் புழு நெளிந்ததென்று, மகள் இருக்கும் அந்த நாடு இந்தப் பக்கத்துத் தக்காளிக்கே கதவைச் சாத்திவிட்டது. காலியான இடத்தில் வேறொரு நாட்டுக்காரர்கள் சட்டமாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இந்த வருஷம் அவர்கள் ஊரில் உறைபனி விழுந்து செடியெல்லாம் கருகியதால்தான் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அதற்குள் நுழையப் போகும் முதல் கண்டெய்னர் இது. பழ ஈக்கோ கொய்யா என்றால் உயிர். ஒரே ஒரு புழு போதும், சுற்றுவட்டாரத்துத் தோட்டக்காரர்கள் அத்தனை பேர் பிழைப்பிலும் மண் விழுந்துவிடும்.

"அண்ணன்கிட்ட சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா வீடு ரெண்டாயிடும். உனக்குத் தெரியாதா அவரை?"

தெரியும். தொழிலாளிகள் அண்ணனுக்கு வைத்திருக்கும் பெயர் இடி. அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்ததிலிருந்து மகளின் காதல் வரை எல்லாச் செய்தியும் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில்தான் அவர் காதில் விழும். காலையிலிருந்து நின்றபடி சரக்கு ஏற்றிய மனுஷர் இப்போது தன் அறையில் கண்ணயர்ந்திருந்தார். தங்கை அந்த அறையைச் சத்தமில்லாமல் கடந்து போய்க் காரை எடுத்தாள்.

டிரைவருக்குப் போன் போட்டுத் துறைமுகத்துக்கு வெளியே சோதனைத் திடலில் நிற்கச் சொன்னாள். அங்கே பயிர்ப் பூச்சிகளைச் சோதிக்கும் அதிகாரி இருந்தார். எல்லாருக்கும் அவர் பூச்சி ஆபீசர்.

"சீலை வெட்டினா நான் மறுபடி பாத்துக் கையெழுத்துப் போடணும். துறைமுக வாசலை மூடப் போறாங்க. என்ன அவசரம்?"

"ஒரு பெட்டி தப்பா ஏறிடுச்சு சார். கதவோரமாதான் இருக்கு. எடுத்துட்டு மூடிடலாம்."

சீலை வெட்டினார்கள். கதவைத் திறந்ததும் குளிர்காற்று புகையாக வெளியே வந்தது. தங்கை கடைசி வரிசையின் ஒவ்வொரு மூடியையும் தூக்கிப் பார்த்தாள். தக்காளி. அடுத்ததிலும் தக்காளி. எல்லாம் இளஞ்சிவப்பு ஏறத் தொடங்கிய, அவளே பொறுக்கியெடுத்த பழங்கள். வெயில் பட்டதும் அவற்றின் தோல் வியர்க்க ஆரம்பித்தது. அவளுக்கும்தான்.

"எந்தப் பக்கம் அண்ணி?" என்று போனில் கேட்டாள்.

"இடது பக்கம், கீழ. நான்தானே வச்சேன்."

இடது பக்கம் கீழே இல்லை. வலது பக்கமும் இல்லை. இரண்டாம் வரிசையில் கை வைத்தபோது பூச்சி ஆபீசர் குறுக்கே வந்து நின்றார்.

"தேடுறது என்னன்னு சொல்லுங்கம்மா. சொல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கொய்யாப்பழம் சார்."

அவர் முகம் மாறியது. "அப்படின்னா எல்லாப் பெட்டியும் கீழ இறங்கணும். அது கிடைக்கிற வரைக்கும் வண்டி நகராது."

பாதிப் பெட்டிகள் தரையில் இறங்கியிருந்தபோது துறைமுக வாசலில் மூடும் மணி அடித்தது. அடுத்த கப்பல் அடுத்த வாரம். வாங்குகிறவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், வரிசையில் அடுத்து நிற்கும் நாட்டைக் கூப்பிடுவார்கள். தங்கை ஒரு பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"வண்டி உள்ள போயிடுச்சா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? கொய்யா, சீல், ஆபீசர், வாசல் மணி, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"அந்தப் பெட்டி என் மேஜைக்கு அடியில இருக்கு" என்றார் அண்ணன். "ஏத்தும்போதே வாசனை வந்துச்சு. எடுத்து ஒண்ணை வெட்டிப் பாத்தேன். உள்ள புழு."

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா."

"புள்ளைக்குன்னு ஆசையா வச்சிருக்கா. சொன்னா அழுவா. வந்து சேந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடும்மான்னு பொண்ணுகிட்டயும் பேசி வச்சிட்டேன்." குரல் இறங்கியது. "நீயாவது என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே."

"கத்துவீங்கன்னு பயந்துட்டேன் அண்ணா."

சொல்லிவிட்டு, வழக்கம்போல் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் கத்தவே இல்லை.