இடப்பக்கச் சுற்று

மேசையின் தலைமாட்டில் முதலாளி, ஒரு சக்கரம் கழன்ற சுழல்நாற்காலியில், சாய்ந்துவிடாமல் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி. அவருக்கு வலப்புறம், கவிழ்த்துப் போட்ட படகின் முதுகில் வழிகாட்டி. கதவு நிலையெல்லாம் தலையில் இடிக்கிற உயரம் என்பதால் அவனுக்கு நெட்டை என்பதே பெயராகிவிட்டது. அவனுக்கு எதிரே முக்காலியில், ஈரக் காலுறைகளைக் கழற்றி முழங்காலில் காயப்போட்டுக்கொண்டு, அன்று காலை அவனோடு ஏரிப் பயணம் முடித்துத் திரும்பியிருந்த கூட்டத்தில் ஒருவரான பல் டாக்டர் அம்மா. கதவோரம், உயிர்காப்பு அங்கிகளின் குவியல்மேல் அண்ணி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போல மடியில் கைப்பை. ஜன்னலடியில் இருந்த மடக்கு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. தராசு மட்டும் நின்றுகொண்டிருந்தான். பை பிரிக்கும்போது அவன் உட்காருவதில்லை.

தராசு என்பது வேலை கொடுத்த பெயர். காட்டு ஏரிகளில் துடுப்புப் படகில் போகிறவர்களுக்குச் சாமான் கட்டிக்கொடுக்கிற கடை அது. ஓர் ஏரி முடிந்து அடுத்த ஏரி தொடங்கும்வரை படகையும் மூட்டைகளையும் தோளில் தூக்கிக்கொண்டு பாறையிலும் சேற்றிலும் நடக்கவேண்டும். அந்தப் பாதையில் ஒரு சோப்புக்கட்டிகூடக் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் தராசு எதையும் நிறுக்காமல் உள்ளே விடமாட்டான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுப்பான். தேயிலைப் பைகளில் தொங்கும் நூலையும் சீட்டையும் கத்தரித்துவிடுவான். டேப்பை உருளையாக வைக்கமாட்டான். நடுவிலிருக்கும் அட்டை வீண் பாரம் என்று துடுப்பின் தண்டிலேயே சுற்றிவிடுவான். ஒரு சாமான் இரண்டு வேலை செய்யாவிட்டால் அதற்கு அவனிடம் இடமில்லை.

"பாதி பிரஷ்ஷைக் குடுத்து அனுப்பிட்டீங்களே தம்பி" என்றார் பல் டாக்டர். "என் தொழிலையே பாதியா அறுத்த மாதிரி இருந்துச்சு."

"பல்லு முழுசாத்தானேம்மா இருக்கு" என்றான் நெட்டை. "இவன் போக்குல விட்டா, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கண்ணு போதும்பான்."

முதலாளி சிரித்தார். அண்ணியும் மரியாதைக்கு உதட்டை அசைத்தாள். தராசு ரிப்பேர் பையை எடுத்து மேசை நடுவில் வைத்தான்.

அந்தப் பை ஒன்றில்தான் அவன் கஞ்சத்தனம் காட்டியதில்லை. படகின் ஓடு கிழிந்தால் ஒட்டுவதற்குத் துணி, பசைக்குழாய், மெழுகு தடவிய நூல், வளைந்த ஊசி, கம்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் குறடு. எல்லாம் வைத்து மூடி, ஜிப்பின் காதில் நூலால் ஒரு முடிச்சுப் போடுவான். முடிச்சு அவிழாமல் திரும்பினால் பயணம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம். அவிழ்ந்து வந்தால், போனவர்கள் உட்கார்ந்து எது எதற்காக எடுத்தோம் என்று சொல்லியாகவேண்டும். சேதத்தைக் கேட்டுக்கொள்ளாமல் அடுத்த பையைக் கட்டக்கூடாது. இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தது அவன் அண்ணன். அந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் கேட்பான்.

அண்ணன் போன பருவத்தில், யாரோ விட்டுவிட்டு வந்த படகை எடுத்துவரத் தனியாக ஏரிகளுக்குள் போனவன் திரும்பவில்லை. அவன் போன படகு ஒரு கரையில் கிடைத்தது. உடையவில்லை, கவிழவில்லை, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மரத்தில் ஒழுங்காகக் கட்டியிருந்தது. துடுப்பும் ரிப்பேர் பையும் மட்டும் கிடைக்கவில்லை. அவனும் கிடைக்கவில்லை. அதிலிருந்து, தண்ணீரில் எது ஒதுங்கினாலும், ஏரிகளையும் பார்த்துக்கொள்கிற ஆற்று அலுவலகத்திலிருந்து அண்ணிக்கு ஆள் வரும். அவள் போய்ப் பார்க்கவேண்டும். ஒரு தடவை தொப்பி, ஒரு தடவை இடுப்பு வார், மற்றபடி எல்லாம் செருப்பும் பூட்ஸும். மேசைமேல் காகிதம் விரித்து வைத்திருப்பார்களாம். குனிந்து பார்த்து, இல்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு.

அன்று காலை வந்ததும் வராததுமாக அவள் தராசிடம் சொல்லியிருந்தாள். "இனிமே எவன் செருப்பையும் என்னால பாக்க முடியாது தம்பி. தேடுனது போதும்னு அவங்களுக்கு எழுதணும். நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்." கடையின் கடிதமெல்லாம் அவன் கையெழுத்துதான். பள்ளிக்கூடத்தில் கற்ற ஒழுங்கு மாறாமல், அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கோடு போட்டதுபோல எழுதுவான். பை பிரித்து முடிந்ததும் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தான். தாள் அலமாரியில் தயாராக இருந்தது.

"அதைத் தொறக்கவே இல்லடா" என்றான் நெட்டை. "பாத்துக்க, முடிச்சு அப்படியே இருக்கு. மத்ததை நிறு."

முடிச்சு இருந்தது. தராசு அதை வெட்டக் கத்திரியைக் கொண்டுபோனான். கை நின்றுவிட்டது.

அவன் போடும் முடிச்சில் நூலின் வால் வலப்பக்கம் விழும். எத்தனையோ வருடமாக அப்படித்தான் விழுகிறது. இதில் இடப்பக்கம் விழுந்திருந்தது. அதே முடிச்சுதான், கண்ணாடியில் பார்ப்பதுபோல. அந்த முடிச்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர். மற்றவனுக்கு இடதுகைப் பழக்கம்.

வெட்டினான். உள்ளிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். ஊசி. நூல். கம்பி. குறடு. பசைக்குழாய் அடியிலிருந்து மேலே ஒழுங்காகச் சுருட்டப்பட்டிருந்தது, கடைசிச் சொட்டுவரை வேண்டும் என்று நினைப்பவர்கள் சுருட்டுவதுபோல. ஒட்டுத்துணியில் ஒன்று குறைந்தது. பையின் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டவை நான்கு சின்ன முக்கோணத் துணுக்குகள். துணியின் மூலைகளை வட்டமாக வெட்டினால் மிஞ்சுபவை. கூரான மூலை உரிந்துவிடும் என்பான் அண்ணன்; காட்டில் குப்பை போடமாட்டான் என்பதால் வெட்டிய துணுக்குகளைத் திரும்பப் பைக்குள்ளேயே போடுவான்.

தராசு அவற்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டான்.

"நெட்டை, கொஞ்சம் எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரிடா."

நெட்டை படகின் முதுகிலிருந்து எழுந்தான். அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே ஓர் ஒட்டு இருந்தது. உள்ளங்கை அகலம், மூலைகள் வட்டம். விளிம்பைச் சுற்றிப் பசையை இழுத்துவிட்ட கட்டைவிரல் தடம் காய்ந்து பளபளத்தது. நெட்டை அதைப் பார்த்துவிட்டு, தன் கால்சட்டையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான், ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

"இது போறப்ப இல்ல" என்றார் முதலாளி.

"இல்ல. நான்தான் தடவிப் பாத்து அனுப்பினேன்" என்றான் தராசு.

"அப்ப நெட்டை, நீ ஒட்டினியா?"

"நான் எங்க ஒட்டினேன் முதலாளி. படகு அடியே படலையே."

பல் டாக்டர் காலுறையைப் பார்த்தபடி சொன்னார். "பட்டுச்சு. ரெண்டாவது ஏரில, பாறை உரசுன சத்தம் எனக்குக் கேட்டுச்சு. தண்ணி உள்ள வரல, அதனால சொல்லல. அன்னிக்கு மத்தியானம் கரையில இழுத்துப் போட்டுட்டு எல்லாரும் மேட்டுக்கு ஏறிப் போனோமில்ல?"

"அந்தக் கரைதானே?" என்று தராசு கேட்டான். அண்ணனின் படகு கட்டிக் கிடந்த கரை என்று அவன் சொல்லவேண்டியிருக்கவில்லை. நெட்டை தலையை ஆட்டினான்.

"திரும்பி வந்தப்ப படகு கவுந்து கெடந்துச்சு" என்றான் நெட்டை. "நிமுத்தித்தான் வச்சிட்டுப் போனோம். காத்து தள்ளியிருக்கும்னு நெனச்சேன்."

"காத்து அடிச்சுதா?"

நெட்டை பல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தான். பல் டாக்டர்தான் சொன்னார். "இலைகூட அசையல. எறங்கி வர்ற வழியெல்லாம் அதையேதான் பேசிக்கிட்டு வந்தோம், என்ன இப்படிப் புழுங்குதுன்னு."

"உங்க கூட்டத்துல யாருக்காவது இடதுகைப் பழக்கம் உண்டாம்மா?"

அவர் ஒவ்வொருவரையும் மனதில் சாப்பிட உட்காரவைத்துப் பார்த்தார். "இல்ல தம்பி."

முதலாளி ஊன்றிய காலை மாற்றினார். நாற்காலி ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. தராசு கதவுப்பக்கம் திரும்பவில்லை. அங்கிருந்து அண்ணிக்கு முடிச்சு தெரிந்திருக்காது, துணுக்குகள் தன் கைக்குள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டான். ஒட்டை மட்டும் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். சொல்லிவிட்டால் அவள் மறுபடி அந்தக் காகிதம் விரித்த மேசைக்குப் போவாள், ஆயுசுக்கும் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். சொல்லாவிட்டால், இன்று தான் எழுதப்போகிற கடிதம் அண்ணன் முகத்தில் கதவைச் சாத்துவதாகிவிடும். உள்ளங்கை வியர்த்து, துணுக்குகள் தோலில் ஒட்டிக்கொண்டன.

"தம்பி" என்றாள் அண்ணி. "அந்தத் துடுப்பை இப்படிக் குடுங்க."

படகோடு திரும்பி வந்து சுவரில் சாய்ந்திருந்த துடுப்பு அது; கொடுக்காமல் இருக்க வழியில்லை. அவள் துடுப்பைக் குறுக்காக மடியில் வைத்துக்கொண்டு, தண்டில் சுற்றியிருந்த டேப்பின்மேல் விரலை ஓட்டினாள். தராசு கட்டி அனுப்பியதைவிடச் சுற்று மெலிந்திருந்தது. அவிழ்த்து, வேண்டியதைக் கிழித்துக்கொண்டு, மீதியைத் திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். இடப்பக்கமாக. அதன் முனையை அவள் குனிந்து தேடவில்லை. பார்க்காமலே விரல் போய் நின்றது. நனைந்த கைக்கும் அகப்படட்டும் என்று முனையை முக்கோணமாக மடித்து விட்டிருந்தது.

"வீட்டுல துணிக்கொடி, குடை வாரு, ரேடியோ வயரு, எல்லாம் இப்படித்தான்" என்றாள். "கல்யாணமான நாள்லேருந்து நான் திருப்பித் திருப்பிப் பிரிச்சிக்கிட்டிருந்தேன்."

முதலாளி பாதி எழுந்தார். "அப்படின்னா ஆளு உயிரோட... நாளைக்கே நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போவோம்மா. நானே வர்றேன்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. நெட்டையைக் கேட்டாள். "சோத்து மூட்டையை எங்க வச்சிட்டுப் போனீங்க?"

"படகுப் பக்கத்துலயேதான்க்கா. மரத்தடியில."

"அதுல ஏதாவது கொறஞ்சுதா?"

"இல்லக்கா. அவிழ்க்கவே இல்ல. சீனி டப்பா வெளியிலயே இருந்துச்சு, அதைக்கூடத் தொடல."

அண்ணி துடுப்பின்மேல் கையை வைத்தபடி இருந்தாள். அண்ணன் பசி தாங்காதவன் என்பது அந்த அறையில் பல் டாக்டரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். பை பிரிக்கிற நேரத்தில்கூட, மேசையில் சீனி இருந்தால் பேச்சுக்கு நடுவே விரலைத் தொட்டுத் தொட்டு நக்கிக்கொண்டிருப்பான். முதலாளி மெல்ல உட்கார்ந்தார்.

"எழுதுங்க தம்பி" என்றாள் அண்ணி. "தேட வேண்டாம்னு எழுதுங்க."

"அண்ணி, இதைப் பாத்ததுக்கு அப்புறமுமா?"

"பாத்ததுனாலதான். அவங்க செருப்புத் தொலைஞ்ச ஆளைத் தேடிக்கிட்டிருக்காங்க. இவர் தொலையல. வேலையில இருக்காரு." கொஞ்சம் நிறுத்தி, சமையலறையிலிருந்து சாமான் சொல்லி அனுப்புகிற குரலில் சொன்னாள். "அடுத்த பையில பசை ரெண்டா வைங்க. இது பாதிக்குமேல காலி."

பாரம் கூடுமே என்பது தராசின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"நான் இனிமே அந்தப் பக்கம் போறதா இல்லக்கா" என்றான் நெட்டை.

"ஏன்? படகைத்தானே ஒட்டினாரு. உன்னையா புடிச்சு ஒட்டினாரு?"

பல் டாக்டர் மட்டும் சிரித்து, தன் சிரிப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்திக்கொண்டார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் முதலில் தனித்தனியாகவும் பிறகு ஒன்றாகவும் விழுந்தது.

தராசு அன்று முதன்முறையாக உட்கார்ந்தான். முதலாளி விட்டுக்கொடுத்த சுழல்நாற்காலியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, துணுக்குகளைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அடியில் மடக்கியபடியே எழுதினான். அனுப்புநர், அண்ணியின் பெயரும் முகவரியும். பெறுநர், ஆற்று அலுவலகம். பொருள், தேடுதலை நிறுத்தக் கோருதல். அதுவரை பேனா தானாக ஓடியது. அதற்குப் பிறகு காரணம் எழுதவேண்டும். காலமானவர் என்று எழுத வரவில்லை. காணாமற்போனவர் என்றும் எழுத வரவில்லை. நெடுநேரம் யோசித்து, "மேற்படி நபரைக் குறித்து எங்களுக்கு இனி ஐயம் ஏதுமில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று எழுதி, வாசித்துக் காட்டினான்.

"சரியா இருக்கு" என்றாள் அண்ணி. கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

உறையின் கோந்து காய்ந்து போயிருந்தது. நாவால் நனைத்தும் ஒட்டவில்லை. அலமாரியில் தேடப்போனவனை அண்ணி நிறுத்தி, துடுப்பை நீட்டினாள். "இது போதும். மழையில நனையாம சுத்தியே விட்டுடுங்க." அவன் டேப்பைப் பிரித்தான். அது கிறீச்சென்று நீளமாக அவிழ்ந்து வந்தது. உறையைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, கத்தரித்து, கட்டைவிரலால் அழுத்தி விட்டான். போகிற வழியில் கொடுத்துவிடுவதாக நெட்டை கையை நீட்டினான்.

நிலையில் இடிக்காமலிருக்க நெட்டை குனிந்து, மழைக்கோட்டின் உள்பைக்குள் உறையைச் செருகியபோது ஒரு கணம் அது வெளிச்சத்தில் தெரிந்தது. டேப் இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. முனை முக்கோணமாக மடிந்திருந்தது; மடித்ததாகத் தராசுக்கு நினைவில்லை. கதவு சாத்திக்கொண்டது. தராசு தன் கைகளைப் பார்த்தான். வலதுகைக்குள் அந்த நான்கு துணுக்குகள் இன்னும் மூடியே இருந்தன. இடதுகைக் கட்டைவிரலில் டேப்பின் சாம்பல்நிறப் பிசின்.