டிரம்ஸ்காரன் அடிக்காத இடம்

"இப்படி ஒரு டிரம்ஸை என் வாழ்நாளில் கேட்டதில்லை, மெய்சிலிர்த்துப் போனேன்" என்று பாட்டுக்காரன் போனைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். அண்ணன் போனைப் பார்க்கவில்லை. படிக்கிறவன் கண்ணைப் பார்த்தார்.

படிக்கிற கண் ஓட வேண்டும். வரி முடிந்த இடத்தில் முட்டித் திரும்ப வேண்டும். வெல்டிங் பட்டறையில் ஒவ்வொரு காகிதத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தே தலை நரைத்தவர் அவர். அந்தக் கஷ்டம் தெரியும். இவன் கண் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்றது.

கட்டிலில் தம்பி. பகலெல்லாம் வாஷிங் மெஷின் ரிப்பேர், ராத்திரியானால் டிரம்ஸ். ஐம்பத்திரண்டு வயதில் அவனும் கூட்டாளிகளும் முதல் ஆல்பம் போட்டார்கள். ஆல்டர்நேட்டிவ் ராக் என்றார்கள். அண்ணனுக்கு அது ஏதோ காய்ச்சலின் பெயர் மாதிரிப் பட்டது. ஆல்பம் வெளிவந்த வாரமே டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்றைக்குப் பொழுது தாண்டாது என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

"அடுத்தது" என்றான் தம்பி, கண்ணை மூடியபடி.

"'தெய்வீகமான தாளம். மெய்சிலிர்த்தது.'"

"குடுறா இங்க." அண்ணன் போனைப் பிடுங்கினார். திரை இருட்டாக இருந்தது. "என்னடா, அணைஞ்சுல்ல கெடக்கு?"

பாட்டுக்காரன் தம்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன் மாமா. நாலு நல்ல வார்த்தை காதுல விழட்டுமேன்னு."

"கேக்குறவன் என்ன முட்டாளா?"

கட்டில் குலுங்கியது. தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். "எனக்கு அப்பவே தெரியும்டி. நேத்துல இருந்து ஏழு பேருக்கு மெய் சிலிர்த்தாச்சு. கொக்கு பாட்டு எழுதுறதும் இப்படித்தான், ஒரே வார்த்தைய வச்சு ஓட்டிருவான்."

கொக்கு என்பது நெட்டையான பாட்டுக்காரனுக்கு அவன் வைத்த பெயர். கொக்கு தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்குப் பாராட்டெல்லாம் வேணாம்ணே" என்றான் தம்பி, சிரிப்பு அடங்கி. "யாராவது ஒருத்தன் நிஜமா காது குடுத்துக் கேட்டானா? அது தெரிஞ்சா போதும். நீ படி. உனக்குப் பொய் சொல்லச் சாமர்த்தியம் கிடையாது."

அண்ணன் கண்ணாடியை மாட்டினார். கொக்கு பக்கத்தைத் திறந்து கொடுத்தான். முதலில் பத்திரிகை விமர்சகர்.

"'ஐந்து பேரும்... ஐந்து வீட்டிலிருந்து... வாசிக்கிறார்கள்.'"

"ஐயோ, வேணாம் மாமா!"

"மேல படிண்ணே."

"'மூன்றாவது பாட்டில் டிரம்ஸ்காரர்... மற்றவர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் போல அடிக்கிறார்.'"

தம்பி கண்ணைத் திறந்தான்.

"கண்டுபிடிச்சுட்டான்டா!"

"என்னத்த?"

"அன்னிக்குச் சண்டைதானே! என் நாற்காலில டீயக் கொட்டிட்டு, நான் இல்லவே இல்லன்னு சாதிச்சான் இவன். ஈரத்துல உக்காந்து அடிச்சேன்."

"நான் கொட்டலடா. இன்னிக்கும் சொல்றேன்."

"சாகப்போறவன்கிட்டயாவது ஒத்துக்கடா."

கொக்கு கூரையைப் பார்த்தான். "சரி. நான்தான்."

தம்பி சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது. மனைவி நெஞ்சைத் தடவிவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினாள்.

அடுத்து, கேட்டவர்கள் எழுதியது. "'பாடுகிறவருக்குச் சளியா?'"

"அது உனக்கு" என்றான் தம்பி.

"'இந்த ஆல்பத்தைப் போட்டால் எங்கள் நாய் சோபாவுக்கு அடியில் போய்விடுகிறது. கடைசிப் பாட்டு முடிந்த பிறகுதான் வெளியே வருகிறது.'"

"பாத்தியா? கடைசி வரைக்கும் கேட்டிருக்கு!"

இப்படியே மதியம் ஆனது. அண்ணன் தொண்டை வறண்டு கண்ணாடியைக் கழற்றியபோது தம்பி கேட்டான்: "நீ என்ன சொல்ற?"

"நான் கேக்கல."

"தெரியும். கொக்கு, மொதப் பாட்டப் போடு."

அண்ணன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பட்டறையில் நான்கு கிரைண்டர் ஒன்றாக ஓடுகிற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்தது.

"சொல்லு."

"சத்தம்."

"அப்புறம்?"

"நடுவுல எல்லாரும் கத்திக்கிட்டு இருக்கறப்ப நீ மட்டும் சட்டுனு நிறுத்துற. அந்த இடம் நல்லாருக்கு."

"நான் அடிக்காத இடமா?"

"ஆமா."

கொக்கு சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தான். தம்பி சிரிக்கவில்லை. அவன் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"அந்த ஒரு இடத்துக்காக ஒரு மாசம் இவங்களோட மல்லுக்கு நின்னேன்ணே. ஒருத்தன்கூட அதப் பத்தி எழுதல."

"எனக்கு என்ன தெரியும். காதுல பட்டதச் சொன்னேன்."

தம்பி அண்ணன் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். வெயில் ஜன்னலைவிட்டு இறங்குமுன் மூச்சு நின்றது. கையை விடுவிக்க அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சாயங்காலம் வாசலில் நாற்காலிகள் போட்டார்கள். வந்தவர்களிடம் கொக்கு நாய்க் கதையைச் சொல்ல, அழுதுகொண்டே வந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவன் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, நீங்க சொன்னத எழுதிப் போடட்டுமா?"

"போடு. சொன்னது சொன்னபடி. ஒரு வார்த்தை கூட்டின, பாத்துக்க."

கொக்கு எழுதினான். "அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம்ணே?"

அண்ணன் கதவு வழியாக உள்ளே பார்த்தார். தம்பி மனைவி அவன் காலடியில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு."

"அண்ணே, இன்னிக்காவது..."

"ஒரு பாட்டுத்தானேடா கேட்டிருக்கேன். கேக்காததுக்கு எப்படிப் போடுறது?"

கொக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டு மூன்றை அழுத்தினான்.

அண்ணன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டு, நன்றாகக் கேட்கும் காதைத் திருப்பினார்.

"ரெண்டாவதப் போடு."