துப்பாக்கியோடு ஒரு வணக்கம்

முருகையனுக்கு அன்று காலையில் தலைகால் புரியவில்லை. பாண்டி பஜார் நகைக்கடை வாசலில் வருஷக்கணக்காக வெயிலில் நின்று விசில் ஊதி, கதவைத் திறந்துவிட்டவன், இனிமேல் உள்ளே ஏசியில் துப்பாக்கியோடு உட்காரப் போகிறான். நந்தனத்தில் நடக்கும் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் கோமளம் மேடம் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. "இன்னிலேர்ந்து உன் புருசன் கன்மேன்டி" என்று பெண்டாட்டி தேவானையிடம் அளந்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். அவள் சும்மா இருப்பாளா? தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

சும்மா சொல்லக் கூடாது, ஆள் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தான். துப்பாக்கியை மடித்து, இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பான். முனை எதிரே அடுக்கியிருந்த மணல் மூட்டையை விட்டு அசையாது. விரல் விசைக்கு வெளியே நீட்டியபடி இருக்கும். ஓய்வுபெற்ற போலீஸ்காரி கோமளத்திடம் நல்ல பெயர் வாங்குவதென்றால் லேசா? அவளே, "எல்லாரும் முருகையனப் பாருங்க" என்று அவனை முன்னால் நிறுத்தி, டம்மி தோட்டாவைப் போட்டு மூடிக் காட்டச் சொன்னாள். மூடினான். மகா பெருமை அவனுக்கு.

அந்த நேரம் பார்த்து ஹால் கதவு திறந்தது. கடை முதலாளி பத்ரிநாராயணன், நம் ஆள் எப்படிச் செய்கிறான் பார்ப்போம் என்று வந்திருந்தார்.

பழகிய உடம்பு கேட்குமா? முருகையன் சட்டென்று திரும்பி, இடுப்பை வளைத்து, வாயெல்லாம் பல்லாக "வாங்க சார்!" என்றான். துப்பாக்கியும் அவனோடு திரும்பியது. குனிந்த வேகத்தில் விரல் உள்ளே போய் விசையை அழுத்த, 'டக்'கென்று சத்தம். முனை முதலாளியின் வயிற்றுக்கு நேராக இருந்தது.

கோமளம் குழலை மணல் மூட்டைப் பக்கம் தள்ளி, துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டாள். "அசல் தோட்டாவா இருந்தா?" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஐயோ, திட்டியிருக்கலாம்! முருகையனுக்குக் காதெல்லாம் எரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

பத்ரிநாராயணன் வேர்த்த முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "விடுங்கோ மேடம், டம்மிதானே. என்னைப் பார்த்த மரியாதையில கை தடுமாறிடுத்து. தங்கமான மனுஷன். கையெழுத்துப் போட்டுடுங்கோ."

அந்த நல்ல வார்த்தையில் அவன் இன்னும் குறுகிப் போனான். கோமளம் அவனையே பார்த்தாள். தேவானையிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் நிற்பது? தெருவில் கேட்பார்களே!

"வாணாம் மேடம், போடாதீங்க" என்றான், தலையைத் தூக்காமல்.

"ஏம்ப்பா, நான்தான் சொல்றேனே?" என்றார் முதலாளி.

"நாளைக்கும் கதவத் தொறந்துகினு நீங்கதான சார் வருவீங்க?"

சொல்லும்போதே அவன் இடுப்பு வளைந்தது. அதை அவனால் நிறுத்த முடியவில்லை.